ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஒப்பாரி

அன்புள்ள கெளுத்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் குட்டியும் நலமாக இருப்பீர்கள். நீ அனுப்பிய குரல் பதிவு எதற்கும் ஒரு மாசமாக நான் பதில் போடவில்லை. தப்புதான். இரண்டு தடவை போன் எடுத்து "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தேனே, இதைச் சொல்லத்தான் எடுத்தேன். வாய் வரவில்லை. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். ஓசூர் குளிருக்குப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

நம் கேலிப்பாட்டுக் குழு பொங்கலுக்கு மேடை ஏறிவிட்டது. சாவு வீட்டுப் பந்தல் இல்லை, கல்யாண ரிசப்ஷன் இல்லை, ஒழுங்கான இசைவிழா. கல்மண்டபம் பக்கத்து மைதானத்தில் எங்களுக்கு முன்னால் கரகம், பின்னால் பறை, நடுவில் எங்களுக்கு 20 நிமிஷம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டு போட்டுக்கொண்டு கானா பாடுகிறார்கள் என்று நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாயே! அந்த ராத்திரியில் இருந்து நான் காத்திருந்த மேடை இது. நீ இல்லாமல் போய்விட்டாய். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை. தங்கச்சியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாரம் முன்னாலேயே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. சினிமா மெட்டு எதுவும் வேண்டாம் என்று விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வீடியோவை நெட்டில் போடுவார்களாம், உரிமைக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாதாம். எழுதியவர், இசை போட்டவர் போய்ச் சேர்ந்து 60 வருஷம் ஆகும்வரை உரிமை இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்கு இடம் விட்டிருக்கிறது, கேலிப்பாட்டு என்ற பேச்சே அதில் இல்லை. நம் பாட்டுக்காரன் ஒண்ணரை கொதித்துப் போய்விட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. கேலிப்பாட்டுக்கு மெட்டுதானே மூலதனம்? முதல் அடி காதில் விழுந்ததும் சனம் அசல் வரியை மனசுக்குள் பாட ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் நாம் வேறு வார்த்தையைப் போட்டால்தான் சிரிப்பு. தெரியாத மெட்டில் பாடினால் அது வெறும் பாட்டு. அந்தக் காலத்தில் சென்னை குஜிலி பஜார் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களில் புயல், வெள்ளம், ரயில் விபத்து, கொலை என்று எது நடந்தாலும் பாட்டு இருக்கும். பாட்டின் தலையில் இன்ன மெட்டு என்று அச்சடித்திருப்பார்கள். வாங்குகிறவனுக்கு அந்த மெட்டு தெரிந்திருக்கும் என்ற தைரியம்தான். கலைவாணர் என்.எஸ்.கே.யின் கிந்தனார் காலட்சேபம் எடுபட்டதற்கும் அதுதான் காரணம் என்பேன். நந்தன் கதை ஊருக்கே மனப்பாடம், காலட்சேபம் எப்படி நடக்கும் என்பதும் மனப்பாடம். அதனால்தான் நந்தன் இருந்த இடத்தில் கிந்தன் வந்து நின்றதும் சனத்துக்குச் சிரிப்பு வந்தது.

சரி, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு எது? தாலாட்டு, நலுங்கு, ஒப்பாரி. தாளம் தட்டுகிற நம் டோலக்குதான் ‘ஒப்பாரி’ என்று எடுத்துக் கொடுத்தான். உடனே எனக்கு உன் பாட்டு ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல் தண்ணி வடிந்த வாரத்தில், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் தெருவில் கவிழ்த்து வைத்துவிட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அது.

இருபத்தி நாலு மாசம் தவணை கட்டி – உன்ன
எறக்கி வெச்சேன் நடுவூட்டுல
இருபத்தி நாலு மணி நேரத் தண்ணியில – நீ
எறந்து போனா நாயமா?

நிவாரணம் ஆறாயிரம் வந்துச்சு – அது உன்
நெஞ்சாங்கூட்டுக் கம்ப்ரசருக்குக் காணாதே!

மேடையில் ஒண்ணரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எதிரில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கதவு, அதற்கு மாலை. முதல் அடியிலேயே மைதானம் அதிர்ந்தது. கெளுத்தி, உன் வரிக்கு அப்படி ஒரு சிரிப்பு! ஆறாயிரம் என்றதும் விசில். அந்த டிசம்பரில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள்தானே பாதிப் பேர்.

ஒண்ணரை மறுபடி முதல் வரிக்கு வந்தான். "இருபத்தி நாலு மணி நேரத் தண்ணியில" என்று இழுக்கும்போது, முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா எழுந்து நின்றது. பச்சைப் புடவை, கையில் மடித்த துணிப்பை. அதுவும் கூடப் பாட வருகிறது என்று நினைத்து ஒண்ணரை மைக்கை நீட்டிவிட்டான். ஆயா மைக்கைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நம் அடி முடிந்த இடத்தில் இருந்து எடுத்தது:

தண்ணி வடிஞ்ச வழி எனக்குத் தெரியுதே – எங்கண்ணு
தாண்டிப் போன வழி தெரியலையே

பின்னால் கொஞ்சம் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. டோலக்கு வாசிப்பை நிறுத்தவில்லை. உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே, ஆயா மூச்சு எடுக்கும் இடத்தில் எல்லாம் காத்திருந்தான். நாலு அடி பாடிவிட்டு ஆயா உட்கார்ந்தது. நாங்கள் மீதிப் பாட்டைப் பாடாமலே இறங்கிவிட்டோம்.

வியாசர்பாடிதான் அந்த ஆயா. வெள்ளத்தில் மகனுக்கு நெஞ்சுவலி. கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிக் கிடந்தது, எந்த வண்டியும் தெருவுக்குள் வரவில்லை. ஒரு ராத்திரி, ஒரு பகல் கட்டிலில் கிடந்திருக்கிறான், கட்டிலுக்குக் கீழே தண்ணி. அந்த இருபத்தி நாலு மணி நேரம்தான் அதன் காதில் விழுந்திருக்கிறது.

உன் வரி என்பதால்தான் ஒரு மாசமாக உன்னிடம் சொல்ல முடியாமல் கிடந்தேன். உன் மேல் தப்பு இல்லை. நீயும் முட்டித் தண்ணியில் நின்று எழுதியதுதான்.

குழு இரண்டாகிவிட்டது. அது நம்முடைய நல்ல பாட்டு, அடுத்த மாதம் பெரம்பூரில் கூப்பிட்டிருக்கிறார்கள், பாடியே ஆகவேண்டும் என்கிறான் ஒண்ணரை. டோலக்கு கை வைக்க மாட்டேன் என்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை. சாவு வீட்டில் சிரிப்புப் பாட்டு பாடுவது நமக்குப் புதுசா? கானாவே அங்கே வளர்ந்ததுதானே. உன் நைனா போன ராத்திரி, அவர் டீக்கடைப் பாக்கியை வைத்து நான் பாடியபோது உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆனால் அங்கே போனது யார், என்ன பாக்கி, எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று எல்லாம் நமக்குத் தெரியும். மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? மேடை வேண்டும் மேடை வேண்டும் என்று இத்தனை வருஷம் அலைந்தேனே, இதை ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதன் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்க விடவில்லை. டீ கொடுத்தது. பிறகு, "ஒப்பாரின்னா உறவு வெச்சுக் கூப்புடணும்டா. நீங்க பொட்டிய பொட்டின்னே நெனச்சிப் பாடறீங்க" என்று சொல்லி, அடியின் முடிவில் மூச்சை விட்டு இழுப்பது எப்படி என்று பாடிக் காட்டியது. மூன்று தடவை பாடச் சொன்னது, மூன்று தடவையும் தப்பு என்றது. கிளம்பும்போது, "அந்த ஆறாயிரம் பாட்ட இன்னொரு வாட்டி சொல்லு" என்றது. சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எனக்கும் அதே ஆறாயிரம்தான் வந்துச்சு" என்றது.

அந்த வரியை மேடையில் பாடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீதான் எழுதவேண்டும். இருபத்தி நாலு மணி நேரத்தை எடுத்துவிடு. தவணை இருக்கட்டும், ஆறாயிரம் இருக்கட்டும். ஃப்ரிட்ஜைத் தாயாகவோ, மாமியாராகவோ, அக்காவாகவோ வைத்து, எந்த உறவு என்று நீயே முடிவு பண்ணி, புதுசாக இரண்டு அடி எழுது. பெரம்பூருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, ஒண்ணரை அவசரப்பட்டு மெட்டு போட்டுவிடுவான். நேரில் எடுத்துக்கொண்டு வா. ஆயா முன்னால் உட்கார்ந்து முதலில் நீ பாடு. டோலக்கும் வருகிறேன் என்றிருக்கிறான்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு என் முத்தம்.

உன்,
சோடாபுட்டி