பஸ்ஸைப் பொறுப்பேற்கும் மகளுக்கு

ஸ்காபரோ

அன்புள்ள மகளுக்கு,

நமது பழைய பஸ்ஸை வரும் கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள கம்லூப்ஸுக்கு எடுத்துச் செல்வதென்று நீயும் மருமகனும் முடிவு செய்ததைக் கேட்டு அம்மாவும் நானும் மிகவும் மகிழ்ந்தோம். ஒயில் மாற்றும் வேலையை ஒரு கராஜில் கொடுத்துச் செய்விக்கலாமா, அல்லது நீயே செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்ன பதில் எனக்கே நிறைவு தரவில்லை. நீயே செய்ய வேண்டும் என்பதுதான் என் பதில். அதற்கான காரணங்களையும், வேலையைத் தொடங்குவதற்கு முன் உன்னிடம் நான் கேட்கும் ஒரு வாக்குறுதியையும் எழுத்தில் தருகிறேன்.

முதலில் வாக்குறுதி. நமது எம்.சி.-9 வகைப் பஸ் தட்டுவில்லின் மேல் நிற்கும் லொறி போன்றதன்று. அதன் உடல் முழுவதும் அச்சுகளின் மேலுள்ள ரப்பர்க் காற்றுப்பைகளில் தாங்கி நிற்கிறது. ஒரு பை கிழிந்தாலோ, ஒரு காற்றுக்குழாய் கழன்றாலோ, உயரத்தைச் சீர்செய்யும் வால்வின் சிறு கையில் உன் முழங்கை பட்டுவிட்டாலோ, பல தொன் எடையுள்ள அந்த உடல் எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கீழே இறங்கும். இறங்கும் தூரம் சில அங்குலம்தான். ஆனால் கீழே மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இருப்பதும் அந்தச் சில அங்குலமே. பழைய பஸ்களைத் தாமே பராமரித்த அனுபவசாலிகள் சிலர் இவ்வாறு உயிரிழந்திருக்கிறார்கள். கார் திருத்திப் பழகியவர்கள் அச்சை ஜக்கினால் உயர்த்தி, அதன் கீழ் ஒரு தாங்கியை வைத்தால் போதும் என்று நினைப்பதுண்டு. காற்றுப்பை உள்ள வண்டிக்கு அது போதாது, ஏனென்றால் அச்சு அசையாமல் நிற்கும்போதே உடல் அதன் மேல் இறங்கிவிடும். தாங்கி நிற்க வேண்டிய இடம் உடலின் சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில்தான். அதற்கான புள்ளிகள் பராமரிப்புக் கைநூலில் படத்துடன் காட்டப்பட்டுள்ளன. அந்தக் கைநூலையும், சாமான் அறையில் இருக்கும் கனமான இரும்புத் தாங்கிகளையும், வன்மரக் கட்டைகளையும் வண்டியோடு சேர்த்தே உனக்குத் தருகிறேன். சமமான, கொங்கிறீற்று இட்ட தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பற்றரியின் பிரதான சுவிற்சை அணைத்து, சாவியை உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான், தாங்கிகள் உள்ள வண்டியின் கீழ் நீ போக வேண்டும். பின்பக்க எஞ்சின் அறையிலும் ஒரு ஸ்ராட்டர் பொத்தான் இருப்பதால், பற்றரியை அணைக்காமல் பெல்ற்களுக்கு அருகே கை வைக்காதே. அவசரம், மழை, இருட்டு என்று எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஒழுங்கில் ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று நீ எனக்கு எழுதித் தர வேண்டும். மருமகனும் எழுத வேண்டும்.

இனி எஞ்சினைப் பற்றி. நான் தொழில் பழகியது கோண்டாவில் டிப்போவில், லேலண்ட் எஞ்சின்களில். அவை நான்கு ஸ்ரோக் எஞ்சின்கள், அதாவது சுழல்தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரியும். இன்று வீதியில் நீ காணும் ஏறக்குறைய எல்லா டீசல் வண்டிகளும் அவ்வாறானவையே. கனடாவுக்கு வந்த பிறகுதான் டெற்றோயிற் டீசலின் இரண்டு ஸ்ரோக் எஞ்சினை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தேன். அன்று தொடங்கிய மதிப்பு இன்றும் குறையவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் 1938இல் அறிமுகப்படுத்திய 71 வரிசையைச் சேர்ந்தது நமது 8வி-71. ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம். எட்டும் சேர்ந்து 568 கன அங்குலம், அதாவது 9.3 லீற்றர். இந்த எஞ்சினில் காற்றைப் பிஸ்டன் இழுப்பதில்லை. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் புளோவர் என்ற காற்றூதி, சிலிண்டரின் உட்குழாயான லைனரின் சுவரில் உள்ள துளைகள் வழியாகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. எரிந்த புகை மேலேயுள்ள வால்வுகள் வழியாக வெளியேறுகிறது. சுழல்தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒவ்வொரு சிலிண்டரும் எரிகிறது.

ஒயில் பற்றிய எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கிறது. நான்கு ஸ்ரோக் எஞ்சினில், எரிந்து முடிந்த பின் வரும் சுற்றில் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் பின்னின் மேலுள்ள அழுத்தம் நீங்கும். அந்த இடைவெளியில் ஒயில் உள்ளே புகுந்து புதிய படலம் ஒன்றை உண்டாக்கும். இரண்டு ஸ்ரோக்கில் அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. மேலும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் ஒவ்வொரு வீச்சிலும் காற்றுத் துளைகளைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இதற்குச் சூட்டிலும் மெலியாத, ஒற்றைத் தரமான எஸ்.ஏ.ஈ. 40 ஒயில் வேண்டும், இரண்டு ஸ்ரோக் டீசல்களுக்கான சி.எஃப்.-2 தரச் சான்று உள்ளதாகவும், எரிந்தபின் மிஞ்சும் சல்பேற்றுச் சாம்பல் 1 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். சாம்பல் கூடினால் அது வால்வுகளிலும் ரிங் பள்ளங்களிலும் படிந்து, சூட்டை வெளியேற விடாமல் அவற்றை எரித்துவிடும். இன்று எந்தக் கராஜுக்கு நீ போனாலும் பெரிய பீப்பாயில் இருப்பது 15டபிள்யூ-40 என்ற பல்தர ஒயில். இன்றைய எஞ்சின்களுக்கு அது நல்ல ஒயில். நமது எஞ்சினுக்கு அது வேண்டாம் என்று இதன் தயாரிப்பாளரே எழுதி வைத்திருக்கிறார். இந்த எஞ்சின் உற்பத்தி நின்றுபோன காலத்தில் பிறந்த ஓர் இளைஞர் இன்று அந்தக் கராஜில் நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பழக்கத்தால் பீப்பாயின் குழாயை நமது எஞ்சினுக்குள் திருப்பிவிடுவார். நீயே செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

வேலை கடினமானதன்று. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சூடு கை தாங்கும் அளவுக்கு இறங்கிய பின், ஒயிலை வடிக்கும் அடியாணியைக் கழற்று. சூடாக இருக்கும்போதுதான் அழுக்கு ஒயிலோடு சேர்ந்து வெளியே வரும். ஏறத்தாழ 25 லீற்றர் வரும் என்பதால் அகலமான, ஆழமான தட்டு வேண்டும். கடையில் விற்கும் 18.9 லீற்றர் வாளி ஒன்று மட்டும் புதிய ஒயிலுக்குப் போதாது. அடியாணியின் செப்பு வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடு. பழைய பில்ற்றரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடக்கூடும். அதை விரலால் தடவிப் பார்த்து நிச்சயப்படுத்திய பிறகே புதியதைப் பூட்டு. ஒயில் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, நிறுத்தி, இருபது நிமிடமாவது காத்திருந்து அளவுக்கோலைப் பார். மேலே இருந்து ஒயில் வடிந்து இறங்க அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரப்பட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும்; நீ மேலும் ஊற்றி அளவைக் கூட்டிவிடுவாய். பழைய ஒயிலையும் பில்ற்றரையும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு இடங்கள் உள்ளன. ஒரு துளியையும் மண்ணில் விடாதே.

நீங்கள் வருடத்தில் மிகக் குறைந்த தூரமே ஓடினாலும், குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்துவதற்கு முன் ஒயிலை மாற்றிவிட வேண்டும். பாவித்த ஒயிலில் எரிபொருளின் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அவை பனிக்காலம் முழுவதும் பெயாரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்க விடக்கூடாது. கம்லூப்ஸின் குளிரில் எஸ்.ஏ.ஈ. 40 ஒயில் மிகத் தடிப்பாகிவிடும் என்பதால், எப்போதாவது குளிர்காலத்தில் எஞ்சினை இயக்க வேண்டியிருந்தால், எஞ்சினை வெப்பமாக்கும் மின்கருவியைச் சில மணி நேரத்துக்கு முன்பே செருகிவிடு.

நான் மேலானதென்று கருதும் காரணம் இன்னொன்று உண்டு. ஒயில் மாற்றும் நாளில்தான் வண்டி தன் உடல்நிலையை உனக்குக் காட்டும். வேறொருவர் கையில் கொடுத்தால் அதை அவர் பார்ப்பார், அல்லது எவருமே பார்க்கமாட்டார்கள். இந்த எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும். காற்று அறையின் வடிகுழாய்களிலிருந்து சில துளிகள் சிந்தும். அது இயல்பு. ஆகவே அளவுக்கோலில் மட்டம் மெல்ல மெல்ல இறங்குவதுதான் நல்ல செய்தி. மட்டம் இறங்காமல் அப்படியே நின்றாலோ, ஏறினாலோ அஞ்ச வேண்டும். வால்வு மூடிக்குள் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுசெல்லும் சிறு குழாய்களில் ஒன்று கசிந்தால், அந்த டீசல் நேரே ஒயிலில் கலக்கும். மட்டம் ஏறும், ஒயில் மெலியும், பிறகு பெயாரிங்குகள் தேயும். ஆகவே கோலை இழுத்தவுடன் துடைக்காமல், முதலில் முகர்ந்து பார். இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார். டீசல் மணந்தால் அன்று வண்டி நகரக்கூடாது. ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள், அப்போதும் அவ்வாறே. வடியும் ஒயிலின் நடுப்பகுதியில் ஒரு சிறு போத்தலைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பு. இரும்பு கூடினால் லைனரும் ரிங்கும் தேய்கின்றன. ஈயமும் செம்பும் கூடினால் பெயாரிங்குகள். சோடியம் காணப்பட்டால் கூலன்ற் கசிகிறது. ஒரு முடிவு தனியாக அதிகம் சொல்லாது. வருடா வருடம் வந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மாற்றம் தெரியும்; அதற்காகவே என் பதிவுக் குறிப்பேட்டை உனக்குத் தருகிறேன். தொடர்ந்து எழுது.

கீழே இருக்கும் நேரத்தில் கிறீஸ் துப்பாக்கியைக் கையில் வைத்திரு. சுக்கான் இணைப்புகள், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகள், பிரேக் தண்டுகள் எல்லாவற்றுக்கும் பழைய கிறீஸ் வெளியே தள்ளப்படும்வரை கொடு. காற்றுத் தொட்டிகளில் சேரும் தண்ணீரை ஓடும் ஒவ்வொரு நாளும் வடித்துவிடு; உறைகுளிரில் அந்தத் தண்ணீர்தான் பிரேக் வால்வுகளை அடைக்கும். ரயர்களின் பள்ளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. பக்கச் சுவரிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். நம்மைப் போல் குறைவாக ஓடுபவர்களுக்கு ரயர் தேய்வதற்கு முன் முதுமையால் கெட்டுவிடும்.

நீ தொடக்கூடாதவையும் சில உண்டு. பின்சக்கரப் பிரேக்கின் உள்ளே இறுக்கப்பட்ட சுருள்வில் இருக்கிறது. அந்தக் கூட்டின் பட்டையை ஒருபோதும் கழற்றாதே. அது விடுபட்டால் ஒருவரைக் கொல்லும் வேகத்தில் வெளிவரும். இன்ஜெக்டர்களின் நேரத்தையும், அவை தரும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் ரக்கையும் சரிசெய்வது இந்த எஞ்சினைத் தெரிந்த மூத்த மெக்கானிக்கின் வேலை. அவற்றைத் தவறாக வைத்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அவ்வாறு ஒருநாள் நேர்ந்தால், ஓட்டுநர் இருக்கைக்கு அருகே சிவப்பு மூடியுள்ள அவசர சுவிற்சை உடனே அழுத்து. அது புளோவரின் வாயிலுள்ள தகட்டை மூடிக் காற்றை நிறுத்தும். அந்தத் தகடு துருப்பிடித்து இறுகாமல் இலகுவாக அசைகிறதா என்பதை, எஞ்சின் நின்றிருக்கும்போது, ஒயில் மாற்றும் நாளில் கையால் அசைத்துப் பார்த்துவிடு.

நீங்கள் இருக்கும் இடம் மலைநாடு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கம்லூப்ஸுக்குச் செல்லும் கொக்விஹாலா நெடுஞ்சாலை, அதே பெயருள்ள கணவாயில் 1,244 மீற்றர் உயரத்தைக் கடக்கிறது. அந்த ஏற்றத்தில் உயர் கியரில் எஞ்சினை இழுக்க வைக்காதே. ஒரு கியர் இறக்கி, சுற்று வேகத்தை உயர்த்தி, பொறுமையாக ஏறு. சுற்று கூடினால்தான் தண்ணீர்ப் பம்பும் ரேடியேற்றர் விசிறிகளும் வேகமாக வேலை செய்யும். வெப்பமானி பரனைற் 180 அளவில் நின்றால் நிம்மதி. 200ஐ நெருங்கினால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை உடனே அணைக்காமல், சுமையின்றிச் சற்று வேகமாக ஓடவிட்டு ஆறவிடு. பயணத்துக்கு முன் விசிறிப் பெல்ற்களையும், இருபக்கமும் மேலே உள்ள ரேடியேற்றர்களில் தூசு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்.

ஜூனில் நீங்கள் இருவரும் இங்கு வரும்போது, முதல் ஒயில் மாற்றத்தை நம் வீட்டு முற்றத்திலேயே நீ செய். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், கருவியைத் தொடமாட்டேன். இரண்டு வாளி ஒயிலும் பில்ற்றர்களும் செப்பு வளையங்களும் வாங்கி வைத்துவிட்டேன். அதற்கு முன் இருவரின் வாக்குறுதிக் கடிதமும் எனக்கு வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
அப்பா