யார்க்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் விட்டதால் நாங்களும் வெளியே தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை பஸ் பிடித்து, இங்கே இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் காசில் ஹோவர்ட் மாளிகைக்குப் போனோம். ஹோவர்ட் பிரபு குடும்பத்து வீடு, பரோக் என்கிற ஆடம்பரமான பழைய ஐரோப்பியப் பாணி. 1699-இல் தொடங்கிய வேலை முடிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனதாம். இருந்த ஒரு கிராமத்தையே காலிசெய்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது.

வரைபடம் போட்ட வான்ப்ரூ நாடகம் எழுதியவர், அதற்கு முன் ஒரு கட்டடமும் கட்டியதில்லை. தொழில் தெரிந்த ஹாக்ஸ்மூர் கூடவே நின்றதால் கரையேறியது. வடக்கு வாசலில் நின்று பார்த்தால் இடது பக்கமும் வலது பக்கமும் பொருந்தவே இல்லை. வான்ப்ரூ இறந்தபின் வீட்டு மாப்பிள்ளை தன் இஷ்டப்படி வலது பக்கத்தை வேறு பாணியில் கட்டிவிட்டார். நீங்கள் பார்த்தால் கோபப்படுவீர்கள்.

பெரிய கூடத்தில் ஒரு கணப்பு. பளிங்கு என்றே நினைத்தேன். ஜிப்சத்தில் பசையும் சாயமும் பிசைந்து, பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதாம். கிட்டே குனிந்து பார்த்தும் இணைப்பு தெரியவில்லை. நம் செட்டிநாட்டு முட்டைப் பூச்சின் வழவழப்பு அப்படியே இருந்தது. உங்கள் கைதான் ஞாபகம் வந்தது.

அதே கூடத்துக்கு மேலேதான் குவிமாடம். 1940 நவம்பர் 9-ஆம் தேதி தீப்பிடித்து அது இடிந்து விழுந்துவிட்டது. யுத்தகாலம் என்பதால் அப்போது அங்கே ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. அந்தப் பிள்ளைகளே ஓவியங்களை வெளியே தூக்கிவந்து காப்பாற்றியிருக்கிறார்கள். குடும்பத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். இரண்டு பேர் யுத்தத்தில் இறந்தார்கள். இனி யாரும் குடியிருக்கமாட்டார்கள் என்று பொறுப்பிலிருந்தவர்கள் சாமான்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள். பர்மாவில் காயம்பட்டுத் திரும்பிய, மிஞ்சிய சகோதரர் ஜார்ஜ் ஹோவர்ட் அதற்கு ஒப்பவில்லை. எரிந்த வீட்டிலேயே குடியேறி, 1952-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1960-களின் தொடக்கத்தில் குவிமாடத்தையும் திரும்பக் கட்டினார். அப்படியே கைவிட்டுப் போயிருக்கலாம், அப்பா. அவர் போகவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

படங்களைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். அவ்வளவு உயரத்தில், நாலு பக்கமும் வளைவு நிற்கிற இடத்தில் சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள்? தரையிலிருந்தே எழுப்பியிருப்பார்களா, வளைவு மேலே தாங்கு கொடுத்திருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்