1939-க்கு முந்தைய எட்டு வருடங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களும் வரைபடமும் நன்றாக இருந்தன. ஆனால் பக்கத்திலிருந்த காலவரிசைப் பெட்டியின் முதல் வரி, '1939 செப்டம்பர் 1: போலந்துக்குள் ஜெர்மானியப் படைகள் நுழைந்தன' என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். முப்பது வருடம் வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைக்கு அது போதும், இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் அந்தத் தேதி ஐரோப்பியர்களின் கணக்கு என்பது உறைத்தது.

1931 செப்டம்பர் 18 இரவு, சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவின் முக்டன் நகருக்கு அருகில், ஜப்பான் நடத்திவந்த ரயில் பாதையில் ஒரு குண்டு வெடித்தது. வைத்தவர்கள் அந்தப் பாதைக்குக் காவலாக இருந்த ஜப்பானியப் படை அதிகாரிகளேதான். பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள். சேதம் எவ்வளவு தெரியுமா? கொஞ்ச நேரத்தில் ஒரு ரயில் அதே தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடிப்போனது. அந்தச் சாக்கை வைத்துச் சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதையும் பிடித்துவிட்டார்கள். திட்டம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் இஷிவாரா கான்ஜி, இடகாகி செய்ஷிரோ. டோக்கியோ அரசு இதற்கு உத்தரவு போடவில்லை, நடந்து முடிந்ததை ஏற்றுக்கொண்டது.

ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கம் (இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி) ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. தலைவர் லிட்டன் பிரபு, முன்பு வங்காளத்தில் கவர்னராக இருந்தவர். சம்பவம் நடந்து ஒரு வருடம் கழித்து அறிக்கை வந்தது. 1933 பிப்ரவரியில் அதை 42 நாடுகள் ஆதரித்தன, ஜப்பான் எதிர்த்தது, சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, மட்டும் யார் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. (சயாமைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.) ஜப்பானியப் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போனார்கள். அதோடு சரி. ஒரு தடை கூடக் கிடையாது.

அடுத்தது அபிசீனியா, இன்றைய எத்தியோப்பியா. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. 1896-ல் அடோவாவில் அந்த நாட்டிடம் தோற்ற அவமானத்தை இத்தாலி மறக்கவே இல்லை. 1935 அக்டோபர் 3 அன்று முசோலினியின் படை உள்ளே நுழைந்தது. இந்த முறை சர்வதேச சங்கம் சும்மா இருக்கவில்லை, பொருளாதாரத் தடை போட்டது. ஆனால் தடைப் பட்டியலில் எண்ணெய் இல்லை. நிலக்கரி இல்லை. எஃகும் இல்லை. நாம் எண்ணெயை நிறுத்தினால் சங்கத்தில் சேராத அமெரிக்கா விற்கும், அப்புறம் எதற்கு என்றார்கள். நிறுத்தினால் முசோலினி நம்மோடு போருக்கு வந்துவிடுவார் என்றும் பயந்தார்கள். சூயஸ் கால்வாயை மூடியிருந்தால் இத்தாலியின் படைக்கு ஆளும் போயிருக்காது, தளவாடமும் போயிருக்காது. பிரிட்டன் மூடவில்லை. துருப்புக் கப்பல்கள் கட்டணத்தைக் கட்டிவிட்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

டிசம்பரில் அதைவிட மோசம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லாவலும் அபிசீனியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்கே கொடுத்துவிடலாம் என்று ரகசியமாகப் பேசி முடித்தார்கள். விஷயம் பத்திரிகைக்குக் கசிந்து, ஹோர் பதவி விலக வேண்டியதாயிற்று. 1925-லேயே ஜெனீவாவில் தடை செய்யப்பட்ட விஷவாயுவை இத்தாலிய விமானங்கள் கொட்டின. 1936 மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30 அன்று அபிசீனியப் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவுக்கு வந்து முறையிட எழுந்தபோது, மாடத்திலிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்தார்கள். அடுத்த மாதமே தடையையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் அபிசீனியாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே வேளையில்தான், 1936 மார்ச் 7 அன்று, ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பினார். படை வைக்கக் கூடாது என்று ஜெர்மனியே கையெழுத்துப் போட்ட, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பகுதி அது. பிரான்ஸ் அசையவில்லை. இத்தாலியும் ஜெர்மனியும் நெருங்கியதும் அந்த வருடம்தான்.

பிறகு நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1937 ஜூலையில் சீனாவில் ஜப்பானின் முழுப் போர். அடுத்த வருடம் நம் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது, அவர்களில் ஒருவர்தான் அங்கேயே உயிர்விட்ட டாக்டர் கோட்னிஸ். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார், செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம். செக்கோஸ்லோவாக்கியாவை வெட்டிய அந்த மேசையில் செக் நாட்டுக்கு நாற்காலியே போடவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெட்டிய சூட்டோடு, அக்டோபரில், டெஷன் பகுதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்ட நாடு போலந்து. உங்கள் பெட்டியின் முதல் வரியில் வருகிறதே, அதே போலந்து. பதினோரு மாதம்தான் இடைவெளி.

இதையெல்லாம் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1914-ல் ஒரு ஆஸ்திரிய இளவரசர் கொலையிலிருந்து 37 நாளில் பிரிட்டன் வரை முதல் உலகப் போருக்குள் விழுந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எல்லாத் தெருவிலும் இருந்தன. அவசரப்பட்டதால் வந்த வினை என்று அந்தத் தலைமுறை நினைத்தது, அதனால் இந்த முறை நிதானம் காட்டியது. பாடத்தை நன்றாகத்தான் படித்தார்கள், வந்த கேள்வி வேறாகிவிட்டது.

எண்ணெய்க் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 1941-ல் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும், அமெரிக்கா அதற்கு எண்ணெயை நிறுத்தியது. எண்ணெயை நிறுத்தினால் போர் வரும் என்று 1935-ல் பயந்தார்களே, அது இந்த முறை நடந்தே விட்டது. ஆனால் முக்டனுக்குப் பிறகு பத்து வருடம் ஓடியிருந்தது. பின்வாங்கினால் ராணுவம் அதுவரை பிடித்ததற்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும் என்ற நிலை. டிசம்பரில் பேர்ள் துறைமுகமும் மலேயாவும் தாக்கப்பட்டன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது.

இங்கேதான் இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. என் பாட்டியின் அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேலைக்கு அவரையும் கொண்டுபோனார்கள். அந்த மரண ரயில் வேலையில் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் பல்லாயிரம் தமிழர்கள் பலியானார்கள். இவரும் திரும்பவில்லை. 1938-ல் செக் பிரச்சினையைத் தொலைதூர நாட்டில் முன்பின் தெரியாதவர்களுக்குள் நடக்கும் சண்டை என்று வானொலியில் சொன்னவர் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின். என் பாட்டியின் அண்ணனுக்கோ முக்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பான் தரப்பில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜெனரல் இடகாகி செய்ஷிரோ. ஆமாம், முக்டன் ரயில் பாதைத் திட்டத்தில் இருந்த அதே இடகாகிதான்.

அடுத்த முறை பெட்டி போடும்போது 1931-லிருந்து தொடங்குங்கள். இடம் போதாவிட்டால் டாங்கிப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி