அக்காவின் பணம்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். மூன்று மாதமாக எழுதாததற்கு நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இப்போது உன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மியூனிக்கிலிருந்து நீ அனுப்பிய கண் ஆபரேஷன் பணம் வந்துவிட்டதா என்று, ஒன்பது நாளாக அக்கா பாஸ்புக்கோடு வங்கிக்கு நடந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. தெரிந்ததும் கேட்டேன். "அவன் மறக்க மாட்டான்" என்றார், அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் நானும் கூடப் போனேன்.

நீ போட்ட ஸ்விஃப்ட் கோடு, அதாவது வெளிநாட்டிலிருந்து அனுப்பும்போது எந்த வங்கிக்கு என்று காட்டும் குறியீடு, செத்துப்போன கோடு. 2020 வங்கி இணைப்பில் அந்தக் கிளையின் பலகை மாறியது, உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சி மாறியது, பழைய வங்கியின் ஸ்விஃப்ட் கோடும் போய்விட்டது. நீ கூகுளில் பழைய பெயரைத் தேடி எடுத்திருக்கிறாய். பலகையைப் பார்க்காமல் ரயிலேறுகிறவன்தானே நீ! நீடாமங்கலத்தை மறந்துவிட்டாயா?

அங்கிருந்த அதிகாரி தங்கமானவர். சலானின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக் காட்டினார். ஸ்விஃப்ட் கோட்டில் முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு (நமக்கு ஐஎன்), அடுத்த இரண்டு ஊர், கடைசி மூன்று கிளை. கிளை எழுத்து இல்லாமல் எட்டோடு நின்றாலும், மூன்று எக்ஸ் இருந்தாலும், அது தலைமையகம். ஐஎஃப்எஸ்சியும் பதினொன்றுதான். ஆனால் அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆங்கில ஓ என்று யாரும் படித்துவிடக் கூடாதென்று அதன் குறுக்கே ஒரு கோடும் இழுத்தார்.

நம் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடே கிடையாதாம். அந்நியச் செலாவணி பார்க்கும் திருச்சிக் கிளையின் கோடு போட்டு, அக்காவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் போதும். சலானைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று, ஸ்விஃப்டில் பணம் வருவதில்லை, செய்திதான் வருகிறது. பணம் வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகள் வழியாக மாறுகிறது. நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கட்டணம் முழுவதும் அனுப்புபவருக்கு என்பதைத் தேர்ந்தெடு. முதலில் போன பணம் உன் கணக்குக்குத் திரும்பியதா என்று உன் வங்கியில் கேள். பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் வாங்கி வை.

ஆபரேஷன் வியாழக்கிழமை. மருத்துவமனைக்கு நான் கட்டிவிட்டேன், அதைப் பற்றிப் பேசாதே. அக்காவுக்கு மட்டும் இன்றைக்கே போன் போடு. பணத்தைப் பற்றி அல்ல, சும்மா பேசு.

அன்புடன்,
ராஜு