பெட்டியில் இருக்கும் பெண்ணின் கண்ணைப் பாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் 1,450 ரூபாய்க்கு வாங்கிய டோம் டிஃப்யூசரை (ஒளியைப் பரப்ப ஃபிளாஷ் விளக்கின் மேல் மாட்டும் உருண்டை மூடியை)த் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தரச் சொல்லி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "ஃபிளாஷை இன்னும் கிட்டே வைத்துப் பாருங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

'சாஃப்ட்பாக்ஸுக்கு இணையான மென்மை, வெட்டவெளியிலும்' என்று பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்பாக்ஸ் என்பது முன்னால் வெள்ளைத் துணி கட்டிய, பெரும்பாலும் சதுரமான பெரிய விளக்குப் பெட்டி. உங்கள் வார்த்தையை நம்பி, வளைகாப்பு முடிந்த ஒரு பெண்ணை இருட்டும் நேரத்தில் மொட்டை மாடியில் நிறுத்திப் படம் எடுத்தேன். மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் கீறினாற்போல் விழுந்தது, நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மின்னியது. மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை, டோம் நாலாபக்கமும் சிதறவிட்ட வெளிச்சம் எதில் பட்டுத் திரும்பி வரும்? முழுத் திறனில் 1/8 பங்கில் முடிய வேண்டிய வேலைக்கு ஃபிளாஷை 1/2 பங்குக்கு ஏற்ற வேண்டியிருந்தது, ஒவ்வொரு படத்துக்கும் அது சார்ஜ் ஏறும்வரை நிறைமாதப் பெண் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் வண்டியில் கிடந்த பழைய 43 அங்குல வெள்ளைக் குடையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஃபிளாஷ் அடிக்கும்படி மாட்டி, முகத்திலிருந்து நாலடியில் வைத்தேன். நிழலின் ஓரம் கரைந்துவிட்டது. உங்கள் டோமின் அகலம் 4 அங்குலம், குடையோ பரப்பளவில் நூறு மடங்குக்கு மேல். முகத்துக்கு எதிரே விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுதான் ஒளி மென்மையாகும். கிட்டே வைக்கச் சொல்கிறீர்களே, கணக்குப் போட்டால் அந்த மென்மைக்கு டோமை முகத்திலிருந்து நாலரை அங்குலத்தில் பிடிக்க வேண்டும். கேமராவை எங்கே வைப்பது?

வெள்ளைக் கூரை உள்ள அறையில் டோம் சுமாராக வேலை செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெறும் ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினாலே கிட்டத்தட்ட அதே படம் வருகிறது, செலவில்லாமல்.

இன்னொன்று. உங்கள் பெட்டியில் இருக்கும் மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கண்மணியில் ஜன்னல் மாதிரி பெரிய சதுர ஒளி தெரிகிறது. உங்கள் டோம் உருண்டை, என் படங்களில் கண்ணுக்குள் ஒரு சின்னப் புள்ளிதான் விழுந்தது. அப்படியானால் அந்தப் படம் சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்தது, இல்லையா?

இரண்டு படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். டோம் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏமாந்த வாடிக்கையாளர்