ஓவர்கிளாக்: 1.45 வோல்ட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில், ஓவர்கிளாக் செய்த (பிராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும்) ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர் கொண்ட கம்ப்யூட்டர் கேம் ஆடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோர் வோல்ட்டேஜை, அதாவது பிராசஸரின் கணக்குப் போடும் கோர்களுக்குப் போகும் வோல்ட்டேஜை, 1.45-ல் நிலையாக வைத்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்திருந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம்.

1.45 எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. எந்த செட்டிங்கையும் தொடாத 5600எக்ஸிலும், சூடு, வோல்ட்டேஜ் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்தால் அந்த எண் அடிக்கடி தெரியும். ஒன்றிரண்டு கோர் மட்டும் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு எம்பும் கண நேரத்தில், கரன்ட் குறைவாக இருக்கும்போது, பிராசஸர் தானே கேட்டு வாங்கும் வோல்ட்டேஜ் அது. ஆறு கோரும் முழுவீச்சில் ஓடினால் தானாகவே 1.2 பக்கம் இறங்கிவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரையில்) 1.45 என்று பூட்டினால் இந்த இறக்கத்துக்கு வழியே இல்லை. சூடு வேகத்தோடும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது: 4400 மெகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 4600 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் கூடுவது நாலரை சதவீதம். சூடு கூடுவது ஏறத்தாழ 32 சதவீதம். அந்தச் சூட்டிலும் கரன்ட்டிலும் சிலிக்கான் தேயும். தேய்ந்தது திரும்பாது. பிறகு அதே வேகத்துக்கு பிராசஸர் இன்னும் கூடுதல் வோல்ட்டேஜ் கேட்கும்.

வோல்ட்டேஜில் கை வைக்குமுன் எது பழுது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவுகளைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீயா-லாகர் (வன்பொருள் கோளாறுகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் பகுதி) 18 என்ற எண்ணோடு 'கேஷ் ஹையரார்க்கி எரர்' இருந்தால் பெரும்பாலும் கோர் வோல்ட்டேஜ் போதவில்லை. எந்தக் கோரில் கோளாறு என்று காட்டும் ஏபிஐசி எண் அதன் கீழே வரும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதே எண் வந்தால் ஒரே ஒரு கோர்தான் தடுமாறுகிறது. 'பஸ்/இன்டர்கனெக்ட் எரர்' என்றிருந்தால் முதலில் கோரைத் தொடாதீர்கள்; அது பெரும்பாலும் ரேம் வேகம், இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (பிராசஸரின் பாகங்களை இணைக்கும் உள் பாதை), எஸ்ஓசி வோல்ட்டேஜ் (ரேம் கன்ட்ரோலர் முதலிய கோர் அல்லாத பாகங்களுக்குப் போவது) சம்பந்தப்பட்டது. வீயா பதிவே இல்லாமல் கெர்னல்-பவர் 41 (சரியாக ஷட்டவுன் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆனது என்ற பதிவு) மட்டும் இருந்தால் எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை, மதர்போர்டின் 8 பின் சிபியு கனெக்டர் இரண்டையும் முதலில் பாருங்கள். கேமின்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், கிராபிக்ஸ் கார்டு திடீரென இழுக்கும் கரன்ட்டைத் தாங்காத எஸ்எம்பிஎஸ்ஸாகவும் இருக்கலாம்.

பிறகு எல்லாவற்றையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து, ரேமை அதன் சாதாரண வேகத்தில், 1.2 வோல்ட்டில் விடுங்கள். கோர் ரேஷியோ 44 (அதாவது 4400 மெகாஹெர்ட்ஸ்), கோர் வோல்ட்டேஜ் 1.20. பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 சாஃப்ட்வேரில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' டெஸ்ட் அரை மணி நேரம். சூடு 85 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு முதலில் கூலரைக் கவனியுங்கள். சூடான சிப் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் கேட்கும். வோல்ட்டேஜ் போதாவிட்டால், சில சமயம் கம்ப்யூட்டர் விழாமலேயே பிரைம்95-ன் ஒரு வொர்க்கர் (கணக்குப் போடும் பகுதி) மட்டும், ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு நின்றுபோகும். கணக்குத் தப்பாகிவிட்டது என்று பொருள். அப்போது 0.0125 வோல்ட் கூட்டி மறுபடியும் ஓட்டுங்கள். 1.30 வந்தும் நிலைக்கவில்லையா? வேகத்தை 25, 50 மெகாஹெர்ட்ஸ் என்று குறையுங்கள். இது நிலைத்த பிறகே எக்ஸ்எம்பி. அதன்பின் வரும் கோளாறு ரேம் பக்கத்தது. 3600 ரேமுக்கு ஃபேப்ரிக் 1800, எஸ்ஓசி 1.1 வோல்ட் பெரும்பாலும் போதும்.

பலரும் சறுக்கும் இடம் லோட் லைன் காலிபரேஷன், அதாவது லோடில் வோல்ட்டேஜ் சரிவதை ஈடுகட்டும் பயாஸ் செட்டிங். பயாஸில் 1.25 வைத்தால், முழு லோடில் 1.19 வரை சரிவது இயல்பு. பதறிப்போய் இந்த செட்டிங்கை உச்சத்துக்கு ஏற்றினால் லோடில் சரிவு நின்றுவிடும். ஆனால் லோடு சட்டென்று விலகும் நொடியில் வோல்ட்டேஜ் வைத்த அளவுக்கு மேலே துள்ளும். மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும் அந்தத் துள்ளல், நொடிக்கு ஒரு முறை அளக்கும் சாஃப்ட்வேரில் தெரியவே தெரியாது. நடுத்தர நிலையில் விடுங்கள். ஆசுஸ் போர்டுகளில் எண் கூடினால் பிடிப்பு கூடும், எம்எஸ்ஐயில் 1 தான் மிக இறுக்கம். ஒரு போர்டுக்குச் சொன்ன எண்ணை இன்னொன்றில் அப்படியே போடாதீர்கள். அளவைப் பார்க்கும்போதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற வரியைப் பாருங்கள்; வந்து சேர்ந்த அளவைக் காட்டுவது அதுதான். விஐடி என்பது பிராசஸர் கேட்கும் அளவே தவிர, வந்து சேர்ந்த அளவல்ல.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபின் எஸ்ஓசி வோல்ட்டேஜுக்கு 1.3 என்று ஏஎம்டி வரம்பு வைத்தது. 2024-ல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் வோல்ட்டேஜ் கோரிக்கை 1.55-ஐத் தாண்டாதபடி மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரலுக்கான திருத்தம்) வந்தது. ஏற்கெனவே பழுதானவற்றை அதனால் மீட்க முடியவில்லை. அவற்றில் பல, கேமில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தியோடுதான் பழுதைக் காட்டின. கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்கள் அநேகம்.

கேள்வி கேட்ட வாசகர் ஏற்கெனவே 1.45 வைத்து, திரையே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் பெரும்பாலும் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும்: மார்கழி இரவில் எடுத்த டெஸ்ட் முடிவு மே மாத மதியத்துக்குச் செல்லாது. அறை 12 டிகிரி சூடானால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும். கோடையில், ஏசி இல்லாமல், கேபினட்டை மூடி வைத்து மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்