சிறையிலிருப்பவரிடம் வெற்றிச் சாட்சி கேட்காதீர்கள்

அன்புள்ள போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

செய்யாத குற்றத்துக்காக அந்நிய நாட்டுச் சிறையில் வாடும் விசுவாசிகளுக்காக நம் சபைகளில் ஊக்கமாக ஜெபிக்கிறோம். கூடவே ஓர் எதிர்பார்ப்பையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறோம். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாடினார்களே, இவரும் அப்படித்தான் பாடிக்கொண்டிருப்பார் என்று. சரி, பாட்டே வரவில்லை என்றால்?

துருக்கியில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்த அமெரிக்கப் போதகர் ஆண்ட்ரூ பிரன்சன் 2016 அக்டோபரில் கைதானார். 2018 அக்டோபரில்தான் நாடு திரும்ப விட்டார்கள். உள்ளே இருந்தபோது தேவ பிரசன்னத்தையே உணர முடியவில்லை, உடைந்துபோனேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தினமும் சில நிமிடம் ஆண்டவருக்கு முன்பாக நடனமாடினார். பாடுபடும் நாளில் களிகூருங்கள் என்று இயேசு சொன்ன ஒரே காரணத்துக்காக. மனசு மரத்துப்போன பிறகும் காலை எடுத்து வைத்தாரே, அதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

பிலிப்பியில் பாடிய அதே பவுல், பிறகு ரோமில் கட்டுண்டு கிடந்தபோது தீமோத்தேயுவிடம் என்ன கேட்டார்? துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர். முதல் விசாரணையில் ஒருவரும் தன்னோடு நிற்கவில்லை என்றும் எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே குளிரும் தனிமையும் இருந்தன.

அதனால் உங்களிடம் கேட்கிறேன்: ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். சபையில் ஒருவரை இதற்கென்றே நியமியுங்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரி தன் நாட்டுக் கைதியைச் சந்திக்கலாம், கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் கைதி தன் மத நூலை வைத்துக்கொள்ளவும் போதகரைச் சந்திக்கவும் இடம் தருகின்றன. தூதரகத்திலிருந்து யாராவது போய்ப் பார்த்தார்களா, வேதாகமம் கைக்குக் கிடைத்ததா என்று அந்த ஒருவர் வெளியுறவு அமைச்சகத்தை விடாமல் கேட்கட்டும். கடிதம் எழுதுமுன் குடும்பத்தையும் வக்கீலையும் கலந்து பேசுங்கள். நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு வரியே வழக்கில் அவருக்கு எதிராகத் திரும்பலாம். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் படிப்பையும் அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திராமல் கவனியுங்கள்.

அப்புறம், அவர் விடுதலையாகி வந்தால் முதல் ஞாயிறே மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைக்காதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அழ வேண்டுமென்றால் அழட்டும். பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்